சிந்தாத பருக்கை

திருவள்ளுவரையும் அவருடைய இல்லத்தரசியாகிய வாசுகி அம்மையாரையும் பற்றித் தலைமுறை தலைமுறையாக வழங்கி வரும் செவிவழிக் கதை ஒன்று உண்டு. மணமான நாள் முதலாக, உணவு பரிமாறும்போதெல்லாம் இலையின் அருகே ஒரு சிறு கிண்ணத்தில் நீரும் ஓர் ஊசியும் வைக்கும்படி வள்ளுவர் பணித்தாராம். அம்மையாரும் காரணம் வினவாமல் நாள்தோறும் அவ்வாறே வைத்து வந்தார். ஊசியும் நீரும் ஒருநாள்கூடப் பயன்படவில்லை. வாழ்வின் இறுதி வேளையில் அம்மையார் கணவரைப் பார்த்து, "சுவாமி, அந்த ஊசியும் நீரும் எதற்கென்று இன்றளவும் எனக்கு விளங்கவில்லையே!" என்று கேட்டார். "பரிமாறும்போது சோற்றுப் பருக்கை ஏதேனும் கீழே சிந்தினால், ஊசியால் எடுத்து நீரில் கழுவி இலையில் சேர்த்துக்கொள்வதற்காகவே கேட்டேன். நீ ஒரு பருக்கையும் சிந்தவில்லை, ஆகையால் அதற்கு வேலை நேரவில்லை" என்றார் வள்ளுவர்.

இக்கதையைக் கேட்பவர்கள் அம்மையாரின் பணிவைப் போற்றுவதோடு நின்றுவிடுவது வழக்கம். ஆனால் இதில் இன்னும் இரண்டு பாடங்கள் அடங்கியுள்ளன. சிந்தாமல் பரிமாறுவதே முதல் தருமம் என்பது ஒன்று. சிந்தாதவர் வீட்டிலும் ஊசி நாள்தோறும் இலையருகே இருந்தது என்பது மற்றொன்று. 'இதுவரை சிந்தவில்லை, இனி ஊசி எதற்கு?' என்று ஒருநாளும் அது எடுத்து வைக்கப்படவில்லை. கவனமும் காப்பும் சேர்ந்தே இருந்தன. இவ்விரண்டும் இக்காலத்தின் வேறொரு பருக்கைக்கு மிகவும் தேவைப்படுகின்றன.

ஆலையின் தானியம்

வாளி, குடம், குழாய், பொம்மை, பால் பை, மருந்துப் புட்டி என்று அன்றாடம் கையாளும் பிளாஸ்டிக் பொருள்களில் பெரும்பாலானவை முதலில் சிறு சிறு மணிகளாகவே பிறக்கின்றன. பெரும் ஆலைகளில் உருவாகும் இம்மணிகள் மூட்டைகளிலும் கொள்கலன்களிலும் அடைக்கப்பட்டு, அவற்றை உருக்கி வார்க்கும் சிறு தொழிற்கூடங்களுக்குச் செல்கின்றன. ஒவ்வொரு மணியும் 2 முதல் 5 மில்லிமீட்டர் அளவே இருக்கும். பார்வைக்கு ஒரு பருப்பு, அல்லது ஜவ்வரிசி. வடபுலத்துத் தொழிற்பேட்டைகளில் இதனைத் 'தானா' என்றே அழைக்கின்றனர். தானா என்றால் தானியம். பழைய பிளாஸ்டிக்கை அரைத்து, கழுவி, உருக்கி மீண்டும் மணியாக்கும் கூடங்களிலும் இதே பெயர்தான்.

25 கிலோ மூட்டை ஒன்றில் ஏறத்தாழப் பத்து லட்சம் மணிகள் இருக்கும். ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் முனை மூட்டையைக் கிழிக்கும்போது சில நூறு சிந்துகின்றன. கொள்கலனிலிருந்து குழாயைக் கழற்றும்போது ஒரு பிடி உதிர்கிறது. மூட்டையின் வாயைப் பிரித்து இயந்திரத்தில் கொட்டும்போது விளிம்பில் சில தெறிக்கின்றன. லாரியின் தளத்தில் ஒட்டிக்கொண்டவை சாலையில் விழுகின்றன. எவரும் தீய எண்ணத்தோடு இவற்றைச் சிந்துவதில்லை. வேலை முடிந்ததும் தரை பெருக்கப்படுகிறது, அல்லது நீர் ஊற்றிக் கழுவப்படுகிறது. மணிகள் முற்றத்தின் ஓரத்திற்கு ஒதுங்குகின்றன. அங்கே மழைநீர் வடிகாலின் வாய் திறந்திருக்கிறது.

கழிவுநீர்ச் சாக்கடை வேறு, மழைநீர் வடிகால் வேறு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. முறையான கழிவுநீர்க் குழாய் சுத்திகரிப்பு நிலையத்திற்குச் செல்கிறது. மழைநீர் வடிகாலோ பொதுவாக எவ்விதச் சுத்திகரிப்புமின்றி நேரே ஓடையிலோ ஏரியிலோ ஆற்றிலோ கலக்கிறது. தொழிற்கூடத்தின் முற்றத்தில் விழுந்த மணி, முதல் மழையில் வடிகாலுக்கும், அங்கிருந்து ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து கடலுக்கும் போய்ச் சேருகிறது. பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் ஆகியவை நீரைவிட இலேசானவை. ஆதலால் மிதந்துகொண்டே நெடுந்தொலைவு செல்லும். அட்லாண்டிக் பெருங்கடலின் சர்காசோ பகுதியில் இத்தகைய மணிகள் மிதப்பதை அறிவியல் உலகம் 1972-ஆம் ஆண்டிலேயே பதிவு செய்துவிட்டது.

கடலில் மிதக்கும் மணி மீன் முட்டையைப் போலத் தோன்றுகிறது. பறவையும் மீனும் அதனை இரையென்று எண்ணி விழுங்குகின்றன. வயிறு நிறைகிறது, உடலுக்கு உணவு கிடைப்பதில்லை. மேலும், நீரில் கலந்துள்ள நச்சுப் பொருள்களை இம்மணி தன்மேல் ஈர்த்துக்கொள்கிறது. டோக்கியோவைச் சேர்ந்த பேராசிரியர் ஹிதேஷிகே தகாதா 2005-ஆம் ஆண்டு முதல் உலகெங்குமுள்ள கடற்கரைகளிலிருந்து பொதுமக்கள் பொறுக்கி அஞ்சலில் அனுப்பும் மணிகளை ஆராய்ந்து, அவற்றில் டிடிடி போன்ற நச்சுகள் படிந்திருப்பதைக் காட்டி வருகிறார். தானியத்தின் பெயரைத் தாங்கிய ஒன்று, உயிர்களுக்கு உணவாகாமல் பசியாகவும் நஞ்சாகவும் போய்ச் சேருகிறது.

துடைப்பமும் நீர்க்குடமும்

'அறிந்து செய்யவில்லையே, இதில் என்ன பாவம்?' என்று ஒருவர் கேட்கலாம். நம் தரும சாத்திரங்கள் இக்கேள்வியை மிகப் பழங்காலத்திலேயே எதிர்கொண்டிருக்கின்றன. இல்லறத்தானின் வீட்டில் அறியாமலே உயிர்களுக்குத் தீங்கு நேரும் இடங்கள் ஐந்து என்று அவை கூறுகின்றன. பஞ்ச சூனா என்பது அவற்றின் பெயர். அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், நீர்க்குடம் ஆகியவையே அந்த ஐந்து. இவற்றில் எதுவும் ஆயுதம் அன்று. எல்லாம் வாழ்வுக்கு இன்றியமையாத கருவிகள். அடுப்பு மூட்டாமல் உண்ண இயலாது. பெருக்காமல் வீட்டில் வாழ இயலாது. ஆயினும் அவை இயங்கும்போது கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் துன்புறுகின்றன. அதற்கு இல்லறத்தான் பொறுப்பேற்க வேண்டும் என்பதே சாத்திரத்தின் தீர்ப்பு. அப்பொறுப்பைத் தீர்க்கும் வழியாகவே தேவ யக்ஞம், பிதிர் யக்ஞம், பிரம்ம யக்ஞம், மனுஷ்ய யக்ஞம், பூத யக்ஞம் என்னும் ஐந்து வேள்விகள் நாள்தோறும் விதிக்கப்பட்டன.

முனிவர்களின் நுண்ணறிவு வியப்புக்குரியது. 'வேண்டுமென்று செய்யவில்லை' என்ற சொல்லை அவர்கள் பொய்யென்று தள்ளவில்லை; அதோடு விட்டுவிடவும் இல்லை. எண்ணம் தூய்மையாக இருந்தாலும் விளைவுக்குக் கடமை உண்டு என்றனர். தொழிற்கூடம் என்பது பெரியதோர் இல்லம். அங்கும் அடுப்பு எரிகிறது, அரவை இயந்திரம் அம்மியாகச் சுழல்கிறது. குறிப்பாகத் துடைப்பமும் நீர்க்குடமும் ஆகிய இரண்டுமே சிந்திய மணிகளை வடிகாலுக்குத் தள்ளும் கருவிகளாக அங்கே நிற்கின்றன. தொழிற்கூடத்தின் உரிமையாளர் ஆயுத பூசையன்று இயந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் இடுகிறார். அன்று அந்தத் துடைப்பத்தையும் ஒருமுறை நினைத்துப் பார்ப்பது பொருத்தம். பூத யக்ஞம் என்பது காக்கைக்கு ஒரு பிடி சோறு வைப்பதோடு முடிவதன்று. காணாத உயிருக்குத் தீங்கு செல்லும் வழியை அடைப்பதும் பூத யக்ஞமே.

பகவத் கீதை பதினாறாம் அத்தியாயத்தில் தெய்வீகச் செல்வங்களை எடுத்துரைக்கும்போது அஹிம்சையையும் சௌசத்தையும், அதாவது தூய்மையையும், ஒரே வரிசையில் வைக்கிறது. பதஞ்சலி முனிவர் நியமங்களுள் முதலாவதாகத் தூய்மையையே கூறுகிறார். ஆனால் எது தூய்மை? தன் முற்றத்தின் குப்பையை அடுத்தவன் வாசலுக்குத் தள்ளுவது தூய்மை ஆகாது. முற்றம் பளபளக்க, ஆறு மாசுபட்டால், அழுக்கு நீங்கவில்லை; இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. அஹிம்சை இல்லாத சௌசம் வெறும் ஒதுக்கித் தள்ளுதல்தான்.

மழையின் சக்கரம்

கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் பகவான் ஒரு சக்கரத்தைப் பற்றிப் பேசுகிறார். உயிர்கள் உணவால் வாழ்கின்றன. உணவு மழையால் விளைகிறது. மழைக்கு வேள்வியும், வேள்விக்குச் செயலும் அடிப்படை. இந்தச் சக்கரத்தைச் சுழற்றாமல் தன் இன்பத்தை மட்டும் நாடுபவன் வீணே வாழ்கிறான் என்பது அங்கே வழங்கப்படும் எச்சரிக்கை. மழைநீர் ஓடும் வழி அந்தச் சக்கரத்தின் ஓர் ஆரம். அதில் அடைப்பு ஏற்பட்டாலோ நஞ்சு கலந்தாலோ சக்கரம் தடுமாறும்.

2005-ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. நகரம் மூழ்கியது, நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். வானம் பொழிந்ததை எவரும் தடுத்திருக்க இயலாது. ஆனால் நீர் வடியும் வழிகளைப் பிளாஸ்டிக் பைகள் அடைத்திருந்ததும் துயரத்தைப் பெருக்கியது என்று அப்போது பரவலாகச் சுட்டிக்காட்டப்பட்டது. அலட்சியமாக வீசப்பட்ட ஒவ்வொரு பையும் எடையற்றது. எடையற்ற அலட்சியங்கள் கோடிக்கணக்கில் சேர்ந்தபோது ஒரு மாநகரத்தின் மூச்சு திணறியது. தொழிற்கூடத்து மணியின் கணக்கும் அதுவேதான்.

பொறுக்கிய கைகள்

அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையில் லவாக்கா விரிகுடா என்னும் இடம் உள்ளது. அங்கே நான்கு தலைமுறைகளாக இறால் பிடித்து வாழ்ந்த குடும்பத்தில் பிறந்தவர் டயான் வில்சன் என்னும் பெண்மணி. விரிகுடாவின் கரையிலிருந்த ஃபார்மோசா பிளாஸ்டிக்ஸ் ஆலையின் வடிகால்கள் வழியாகப் பிளாஸ்டிக் மணிகளும் தூளும் நீரில் கலந்து வந்தன. முன்பு அதே ஆலையில் பணிபுரிந்த ஒருவர் உட்படச் சில தன்னார்வலர்களோடு சேர்ந்து, 2016-ஆம் ஆண்டு முதல் வில்சன் கரைநெடுகிலும் நடந்தார். நாணலின் அடியிலும் சேற்றிலும் ஒதுங்கிய மணிகளைப் பொறுக்கி, பைகளில் இட்டு, தேதியும் இடமும் குறித்து வைத்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் சேர்ந்தன. 2017-இல் வழக்குத் தொடுக்கப்பட்டது. அந்த நிறுவனம் தன் அனுமதி விதிகளை மீண்டும் மீண்டும் மீறியிருக்கிறது என்று 2019 ஜூனில் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டின் இறுதியில் 5 கோடி டாலர் வழங்கவும், இனி மணி எதுவும் வெளியேறாதபடி ஆலையை மாற்றியமைக்கவும் நிறுவனம் உடன்பட்டது. அத்தொகையில் 2 கோடி டாலர் மீனவர்களின் கூட்டுறவு அமைப்புக்காக ஒதுக்கப்பட்டது. 2023-இல் வில்சனுக்குக் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது.

இந்நிகழ்ச்சியைச் சாதகன் எவ்வாறு காண வேண்டும்? வென்றவர், தோற்றவர் என்று கணக்கிடுவது நீதிமன்றத்தின் வேலை. சாதகன் காண வேண்டியது அந்தக் கைகளை. தாம் சிந்தாத பருக்கையைத் தாம் குனிந்து எடுத்த கைகள் அவை. கோபத்தில் ஒருநாள் முழக்கமிடுவது எளிது. ஆண்டுக்கணக்கில் வெயிலில் நடந்து, ஒவ்வொரு பையிலும் தேதி எழுதி வைப்பதற்குத் தவம் வேண்டும். லோக ஸங்க்ரஹம் என்று கீதை கூறும் உலக நன்மைக்கான செயல், பல வேளைகளில் இப்படித்தான் ஆரவாரமின்றி நடக்கிறது.

ஆயினும் ஓர் உண்மையை மறக்கலாகாது. சிந்தியபின் பொறுக்குவது எவ்வளவு உயர்ந்த சேவையானாலும், எல்லாவற்றையும் பொறுக்கி முடிக்க எவராலும் இயலாது. 2025 மே 25 அன்று கேரளக் கடற்பகுதியில் எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் சரக்குக் கப்பல் மூழ்கியது. அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் திருவனந்தபுரம், கன்னியாகுமரிக் கரைகளில் வெண்மணலோடு கலந்து ஒதுங்கின. தன்னார்வலர்கள் மணலை அள்ளிச் சலித்தனர். அடுத்த அலை மீண்டும் மணிகளைக் கொண்டுவந்தது. அது கப்பல் விபத்து, தொழிற்கூடத்தின் குற்றமன்று. ஆனால் கடற்கரையில் ஊசி கொண்டு பருக்கை பொறுக்குவது எத்தகையது என்பதை அது கண்முன் காட்டியது. முற்றத்தில் ஒரு நிமிடத்தில் அள்ளக்கூடியதை, கரையில் ஓராண்டிலும் அள்ள முடியாது.

ஊசி இருக்க வேண்டிய இடம்

தடுக்கும் வழி கடினமானதன்று. மணி உற்பத்தித் தொழிலினரே 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இதற்கென ஓர் இயக்கத்தைத் தொடங்கினர். கலிபோர்னியா மாநிலம் 2007-இல் தனிச் சட்டமே இயற்றியது. எளிதில் கிழியாத கொள்கலன்கள், ஏற்றி இறக்கும் இடத்தின் அடியில் சிந்துவதைப் பிடிக்கும் தட்டுகள், உடனே அள்ள உறிஞ்சு கருவி, வடிகாலில் 1 மில்லிமீட்டர் துகளையும் தடுக்கும் வலை ஆகியவற்றை அச்சட்டம் கேட்கிறது. ஐரோப்பிய ஒன்றியமும் 2025-இல் மணி இழப்பைத் தடுக்கும் சட்டத்தை ஏற்றது. இந்தியாவின் சிறு தொழிற்கூடங்களுக்கும் இவை எட்டாதவை அல்ல. கிழிந்த மூட்டையை உடனே ஒட்டுதல், இயந்திரத்தின் வாயடியில் ஒரு தட்டு வைத்தல், நீர் ஊற்றாமல் உலர்ந்த நிலையிலேயே கூட்டி அள்ளுதல், அள்ளியதை மூடியுள்ள தொட்டியில் இடுதல், வடிகாலின் வாயில் நுண்வலை பொருத்துதல், மழைக்காலத்திற்கு முன் முற்றத்தையும் மதிலுக்கு வெளிப்புறத்தையும் பார்வையிடுதல் ஆகியவை பெரும்பொருளை வேண்டுவன அல்ல; கவனத்தை வேண்டுவன.

கவனம் சோதிக்கப்படும் வேளையும் ஒன்று உண்டு. ஒரு தொழிற்பேட்டையை மனத்தில் எண்ணிப் பார்க்கலாம். ஆடி மாதத்து இரவு, பெருமழை. வடிகால் வலையில் இலையும் மணியும் சேர்ந்து அடைத்துக்கொண்டதால் முற்றத்தில் நீர் தேங்குகிறது. மேற்பார்வையாளர், "வலையைத் தூக்கிவிடுங்கள், அம்மா. நீர் போகட்டும், காலையில் மாட்டிக்கொள்ளலாம். இந்த மழையில் யார் பார்க்கப் போகிறார்கள்?" என்கிறார். பல ஆண்டுகளாக அங்கே பெருக்கும் முதிய பெண்மணி சிறிது நேரம் நிற்கிறார். "ஐயா, இந்த ஒரு மழைக்காகத்தானே வலை போட்டோம்? வெயில் நாளில் அது சும்மாதானே கிடக்கிறது! முறத்தைக் கொடுங்கள், வலைமேல் சேர்ந்ததை வாரிவிடுகிறேன், நீர் தானே போகும்" என்கிறார். இருவருமாக நனைந்துகொண்டே அரைமணி நேரம் வாருகின்றனர். நீர் வடிகிறது. வலை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

'யார் பார்க்கப் போகிறார்கள்?' என்னும் அந்தக் கேள்வியில்தான் தருமம் நிற்பதும் விழுவதும் முடிவாகிறது. அதிகாரி பார்க்கும்போது ஒழுங்காக இருப்பது சட்டம். எவரும் பாராத இரவிலும் ஒழுங்காக இருப்பது தருமம். அந்தர்யாமியாக உள்ளே உறைபவன் பார்க்கிறான் என்று நம்புபவனுக்கு இருட்டான மழை இரவு என்று ஒன்று இல்லை. அந்த முதியவர் கீதையைப் படித்திராமல் இருக்கலாம். கர்ம யோகத்தை அவர் முறத்தில் ஏந்தியிருந்தார்.

உரிமையாளருக்கும் இதில் பாடம் உண்டு. துடைப்பம் பிடிப்பவரின் மனச்சாட்சியை மட்டும் நம்பித் தொழிலை நடத்துவது அறமாகாது. வலையும் தட்டும் வாங்கித் தருவதும், வாருவதற்கு நேரம் ஒதுக்கித் தருவதும், 'சிந்தியது' என்று உண்மையைச் சொன்னவரைக் கடிந்துகொள்ளாமல் இருப்பதும் முதலாளியின் வேள்வி. கடிந்துகொள்ளும் இடத்தில் சிந்தியவை மறைக்கப்படும். மறைக்கப்பட்டவை வடிகாலைத்தான் சேரும்.

உள்ளத்தின் வடிகால்

புறத்தில் நிகழ்வது அகத்துக்கும் பொருந்தும். ஒரு கடுஞ்சொல், ஒரு சிறு பொறாமை, ஓர் அரைப்பொய் ஆகியவை நாள்தோறும் மனத்தின் முற்றத்தில் சிந்துகின்றன. 'சிறியதுதானே' என்று அவை ஒதுக்கித் தள்ளப்படுகின்றன. அவை அழிவதில்லை, ஸம்ஸ்காரங்களாக ஆழத்தில் சென்று படிகின்றன. ஒரு நாள் பெருமழைபோலக் கோபமோ துயரமோ வரும்போது, சேர்ந்தவை அனைத்தும் ஒருங்கே வெளிப்படுகின்றன. ஆகையினால்தான் ஆன்றோர் நாள்தோறும் உறங்குமுன் ஆத்ம பரிசோதனை செய்யும்படி வற்புறுத்தினர். சிந்திய இடத்திலேயே, சிந்திய நாளிலேயே அள்ளிவிட வேண்டும். ஜபமும் தியானமும் சாதகனின் இலையருகே இருக்கும் ஊசியும் நீரும் போன்றவை. தவறு நேராத நாளிலும் அவை அங்கே இருக்க வேண்டும்.

மேலும், அகத்தையும் புறத்தையும் பிரித்துப் பார்க்கவும் இயலாது. கையிலிருந்து விழுந்த மணியைக் கண்டும் காணாததுபோல் நடக்கப் பழகியவன், மனத்தில் விழுந்ததையும் அவ்வாறே கடந்து செல்வான். குனிந்து ஒரு மணியை எடுப்பவனுக்கு அக்கணத்தில் இரண்டு தூய்மைகள் கைகூடுகின்றன.

கங்கையையும் காவிரியையும் தாயென்று வணங்கும் நாடு இது. தாய்க்கு மலர் தூவி வழிபடும் கரங்கள், அவளை நோக்கி ஓடும் சிறு வடிகாலின் வாயையும் காக்கட்டும். பரிமாறும் கைகள் சிந்தாதிருக்கட்டும். சிந்தினாலும், எடுக்கும் ஊசி அருகிலேயே இருக்கட்டும். வாசுகி அம்மையாரின் இலையருகே வாழ்நாள் முழுதும் பயன்படாமல் இருந்த அந்த ஊசி வீணானதன்று. பயன்படாமல் இருந்ததே அதன் நிறைவு.